மூன்று முறை 6,400

பிப்ரவரி 6

குட்டியின் அப்பாவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே சண்டையாகிவிடுகிறது, இனி எழுதிக்கொள்வோம் என்று நீங்கள் சொன்னீர்கள். சரி, எழுதுகிறேன். இந்த ஊர் ஆஸ்பத்திரி லேபில் நாள் முழுக்க யார் யார் ரத்தத்தையோ எண்ணுகிறேன். பெற்ற மகளின் ரத்தத்தை உங்கள் கடிதத்தில்தான் பார்க்கவேண்டும்.

டாக்டர் சொன்னதை மறுபடி எழுதுகிறேன், கோபப்படாதீர்கள். அவர் கொடுத்தது பூச்சி மாத்திரைதான். ஆனால் குட்டிக்குப் பூச்சிக்காகக் கொடுக்கவில்லை. நிலைதவறிய அவளுடைய எதிர்ப்பு சக்தியை அது சரிசெய்கிறது. அதனால்தான் சிறுநீரில் புரதம் போவது நின்றது, ஸ்டீராய்டையும் நிறுத்த முடிந்தது. அதே மாத்திரை சிலருக்கு வெள்ளணுக்களைக் குறைத்துவிடும். வெளியில் ஒன்றும் தெரியாது. ஆகவே பதினைந்து நாளுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. காய்ச்சலோ வாய்ப்புண்ணோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரி.

ஒவ்வொரு முறையும் வெள்ளணு எண்ணிக்கையை எழுதுங்கள், நாலாயிரத்துக்குக் கீழே போகக்கூடாது.

குட்டியின் அம்மா


மார்ச் 18

லேப் மகாராணிக்கு,

பேருந்து சீட் தைப்பவன் எழுதிக்கொள்வது. இங்கே இருவரும் நலம்.

பட்டறையில் என்னைக் கிண்டல் செய்கிறார்கள். "என்னய்யா, கிட்னிக்கு வைத்தியம் பாக்கப் போயி பூச்சி மாத்திரையோட வந்திருக்க?" "என் வீட்டுக்காரிகிட்ட கேளு, ரெண்டு மணி நேரம் பாடம் எடுப்பா" என்றேன்.

தினமும் காலையில் சிறுநீரில் புரதம் பார்க்கும் பட்டையை நனைத்துப் பார்க்கிறோம். மஞ்சளாகவே இருக்கிறது, பச்சை ஏறவில்லை. ஸ்டீராய்டு வீக்கம் வற்றி, குட்டிக்கு அவளுடைய பழைய முகம் திரும்பிவிட்டது. செருப்பு பிடிக்கிறது என்றாள், பதறிப்போய்க் காலை அழுத்திப் பார்த்தேன். வீக்கமில்லை, வளர்ந்திருக்கிறாள்!

மூன்று பரிசோதனையும் ஆயிற்று. 6,400, 6,400, இந்த முறையும் 6,400. ஊசி என்றால் இப்போதெல்லாம் அழுவதே இல்லை.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 23

குட்டியின் அப்பாவுக்கு,

பதினொரு வருடமாக ரத்தம் எண்ணுகிறேன். ஒரே ஆளுக்குக் காலையில் ஓர் எண் வரும், மாலையில் வேறு வரும். 6,400 இரண்டு முறை வந்தால் தற்செயல் என்று விட்டுவிடுவேன். மூன்றாவதை எந்த லேபும் எழுதவில்லை, நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்.

நேற்றிலிருந்து என் போனை எடுக்கவில்லை. மாடி வீட்டு அக்காவிடம் கேட்டேன். "ரெண்டு பேரும் காலையிலயே பட்டறைக்குக் கிளம்பிப் போயிட்டாங்கம்மா, புள்ள கொஞ்சம் சோர்வாத்தான் இருந்துச்சு" என்றார்கள். நான் பதறுவேனா இல்லையா?

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். கிடைத்த நிமிடம் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். லீவு கேட்டிருக்கிறேன். நாளை பஸ் ஏறுகிறேன்.

குட்டியின் அம்மா


ஏப்ரல் 9

அன்புள்ள உனக்கு,

ஆஸ்பத்திரியில் இருந்த ஒன்பது நாளும் நீ என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. குட்டியை உன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகும்போதும் பேசவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதல் 6,400 உண்மை. இரண்டாவது தடவை லேப் நாற்காலி வரைக்கும் போனோம். என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, ப்ளீஸ்ப்பா, இன்னைக்கு ஒருநாள் மட்டும் வேணாம்ப்பா. அம்மாகிட்ட சொல்லாதப்பா." பட்டை மஞ்சளாகத்தானே இருக்கிறது என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு வந்தாள். மூன்றாவது தடவை நாங்கள் கிளம்பவே இல்லை.

தொண்டை வலி என்றபோது, காற்று மாறியிருக்கிறது, அதனால்தான் என்று நினைத்தேன். உதட்டுக்குள் புண்ணைப் பார்த்த பிறகும் இரண்டு நாள் காய்ச்சல் மருந்துதான் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் எண்ணிக்கை கேட்பார்கள், பொய் வெளியே வந்துவிடும் என்று பயம். உன் கடிதம் வந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

700 என்று ஆஸ்பத்திரி லேபில் இருந்த பெண் சொன்னபோது, ஒரு சைபர் விட்டுப்போச்சாம்மா என்று கேட்டேன்.

வந்து பார்க்கலாமா? ஒருநாள் போதும்.

குட்டியின் அப்பா


ஏப்ரல் 20

குட்டியின் அப்பாவுக்கு,

இப்போது 4,100. நானே ரத்தம் எடுத்து நானே எண்ணினேன். என்னைப் பார்த்தாலே கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறாள்.

அந்த மாத்திரை இனி அவளுக்குக் கிடையாது. குறைய ஆரம்பித்தபோதே தெரிந்திருந்தால் அளவைக் குறைத்துப் பார்த்திருக்கலாம், இவ்வளவு தூரம் விழுந்த பிறகு திரும்பத் தொடமாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முந்தாநாள் பட்டை பச்சையானது. நேற்று ஸ்டீராய்டு தொடங்கிவிட்டோம். வருடக்கணக்கில் தேடி ஒன்று கிடைத்தது, அவளுடைய முகத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதுவும் போயிற்று.

ஊசிக்கு நான், கழுத்தைக் கட்டிக்கொள்ள நீங்கள் என்று பங்கு பிரித்துக்கொண்டோம். எனக்கும் அந்தப் பங்கு பிடிக்காதா? என் கழுத்தையும் யாராவது கட்டிக்கொண்டால் வேண்டாமென்றா சொல்வேன்?

வரவேண்டாம். இப்போது வேண்டாம். எப்போது என்று எனக்கே தெரியவில்லை.

"அப்பா ஏன் வரல, நீதான் வரவேணாம்னு சொன்னியா?" என்று கேட்கிறாள். பட்டறையில் வேலை அதிகம் என்றேன். உங்களுக்காக நான் சொன்ன முதல் பொய். இன்னொன்று சொல்லமாட்டேன்.

எனக்கு இனி எழுதாதீர்கள். அவளுக்கு எழுதுங்கள். செருப்பைப் பற்றி, பட்டறையைப் பற்றி, என்னைத் திட்டிக்கூட எழுதுங்கள். அப்பாவிடம் வந்தால் ஊசி கிடையாது என்று மட்டும் எழுதாதீர்கள். அவள் நம்பிவிடுவாள்.

குட்டியின் அம்மா