அது நெற்றி இல்லை

பட்டினப்பாக்கம்,
செவ்வாய், காலை.

அன்புள்ள சூர்யாவுக்கு,

நான் நலம். அத்தையும் நலம்தான், சர்க்கரை மாத்திரையை மட்டும் இரண்டு நாளாக மறந்துவிடுகிறார். உன் அறையில் ஏசி ஓடவில்லை என்றாயே, சரி செய்தார்களா?

லீவில் வந்த பிரபு வியாழக்கிழமை மஸ்கட் திரும்புகிறான். இதை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். அவன் பெட்டியில் கருவாட்டுப் பொட்டலத்துக்குப் பக்கத்தில்தான் இடம் இருக்கிறதாம். வாசனை வந்தால் பொறுத்துக்கொள். போனில் சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை நீ என்னைப் பேச விடவில்லை. தவிர, என் குரலை இப்போது நானே நம்புவதில்லை. கையெழுத்து பரவாயில்லை. வெட்டி ஒட்டி யாருக்கும் அனுப்ப முடியாது.

போன வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை நீ ஓர் ஆடியோ அனுப்பினாய். குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாய் அழுகிறாள். கீழே நீயே எழுதியிருந்தாய்: “மேகலா, தனியா வெளிய போவாத. புள்ளைங்க நெத்தில எதையோ தடவி மயக்கித் தூக்கினு போறாங்களாம். அந்தம்மாவே சொல்றாங்க கேளு. எல்லாருக்கும் அனுப்பு.”

கேட்டேன். அந்தம்மா நான்தான்.

மார்ச் மாதம். கோடம்பாக்கத்தில் ஒரு கார் ஷெட்டுக்குள், வெளிச்சத்தம் வராமல் மெத்தை ஒட்டிய அறை. எனக்கு அங்கே டப்பிங்கில் வழக்கமாகக் கூட்டத்தின் குரல்தான் வேலை என்று உனக்குத் தெரியும். கல்யாண வீடு, மார்க்கெட், சாவு வீடு. அன்று ஒலிப்பதிவு செய்யும் சாய்நாத் தனியாக ஒரு காகிதம் கொடுத்தார். விழிப்புணர்வுப் படம், குழந்தையைத் தொலைத்த தாய், ஒரு நிமிடம். காகிதத்தில் “விளையாடிக்கொண்டிருந்தாளே” என்று இருந்தது. எனக்கு அழுகை அந்தத் தமிழில் வரவில்லை. “இப்பதான இங்க வெளையாடிக்கினு இருந்துச்சு” என்றேன். பிறகு காகிதத்தில் இல்லாததெல்லாம் வந்தது. சாய்நாத் நிறுத்தவில்லை. முடிந்ததும் தண்ணீர் கொடுத்தார்.

நீ அனுப்புவதற்கு முந்தின நாளே அதை பஸ்ஸில் கேட்டுவிட்டேன். மந்தைவெளியில் ஏறிய ஒரு பெண் போனைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். முதலில் எனக்குத் தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன்: நன்றாக அழுதிருக்கிறேன். அது எப்படி அவள் போனுக்கு வந்தது என்று சில விநாடி கழித்துத்தான் உறைத்தது.

அது கோவையில் நடந்தது என்று ஒரு செய்தி சொன்னது. மதுரை என்று இன்னொன்று. சேலம். எல்லா ஊரிலும் தாய் பட்டினப்பாக்கத்துத் தமிழில் அழுதாள். யாருக்கும் உறுத்தவில்லை. அந்தக் குழந்தையின் பெயர் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

சாய்நாத்துக்குப் போன் செய்தேன். “ரெக்கார்ட் பண்ணோம், குடுத்தோம். வாங்கினவன் யாருன்னே தெரியாதும்மா. நீ வாயத் தொறந்தா உனக்கும் வேலை இருக்காது, எனக்கும் இருக்காது” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. ஐந்து நாள். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். பயப்பட்டவர்களில் நானும் ஒருத்தி, பயம் மட்டும் வேறு.

அந்த ஐந்து நாளில் விஜயராகவன் தெருவுக்கு வந்தார். உனக்குத் தெரியாது, புது ஆள். வரும் வார்டு தேர்தலில் நிற்கப் போகிறார். வீட்டுக்கு ஒரு விசில் கொடுத்தார். கழுத்தில் மாட்டும் பட்டையில் அவர் படம். அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை, கவனித்தேன். “நானும் கேள்விப்பட்டேன். உண்மையான்னு தெரியல. ஆனா நம்ம புள்ளைங்க விஷயம், உஷாரா இருந்துட்டா நஷ்டமில்லையே” என்றார். தெரு முழுக்கத் தலையாட்டியது. எதிர்த்துப் பேச அதில் ஒரு வாக்கியமும் கிடைக்கவில்லை.

புதன்கிழமை ஹாஜிரா பீ வந்தார். ஆறேழு வருடமாகத் துணி விற்க வருகிறவர். நைட்டி, பிள்ளைகளுக்குக் கவுன், சட்டை. எது வாங்கினாலும் குழந்தையின் நெற்றியில் தன் டப்பாவிலிருந்து ஒரு மைப்பொட்டு வைத்துவிட்டுப் போவார், திருஷ்டிக்கு. உனக்கே தெரியும். ஒருமுறை விளையாட்டாக உனக்கும் வைத்தார்.

அன்று கீழ்வீட்டு ஆஷாவின் மகளுக்கு வைத்தார். விசில் கேட்டது. ஒன்று, பிறகு பத்து, பிறகு எண்ண முடியவில்லை. நான் மூன்றாவது மாடியிலிருந்து இறங்குவதற்குள் பையைக் கொட்டிவிட்டார்கள். “இம்மாஞ் சின்ன சட்டைங்கோ எதுக்குடி உனக்கு? எந்தப் புள்ளையோடது?” என்று ஒருத்தி கத்தினாள். அவள் இடுப்பிலிருந்த குழந்தை ஹாஜிரா பீ விற்ற சட்டையைத்தான் போட்டிருந்தது. சுற்றி நின்ற பிள்ளைகளில் பாதிப் பேர் அப்படித்தான். அவர் ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். பெயரெல்லாம் தெரிந்து வைத்திருக்கிறாளே என்று அதற்கும் ஓர் அடி விழுந்தது. நான் உள்ளே நுழைந்து அவர்மேல் விழுந்த பிறகுதான் நின்றது. இடது மணிக்கட்டு முறிந்திருக்கிறது. ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

முதல் விசில் அத்தையுடையது.

இதை அவர் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். நான் கேட்டபோது, “நான் இன்னா அடிச்சேனா? ஊதுனேன், அவ்ளோதான். எம்புள்ள கடல் தாண்டி இருந்து அனுப்பிச்சிருக்கான், பொய்யா அனுப்புவான்?” என்றார். யோசித்துப் பார், சூர்யா. என் குரல். உன் விரல். அத்தையின் மூச்சு. மூன்றும் ஒரே வீட்டில் சாப்பிட்டவை.

ஞாயிறு மாலை விஜயராகவன் கூட்டம் போட்டார். தெருவைக் காப்பாற்றிய பெண்களுக்குப் பாராட்டு. பேசி முடித்ததும் அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினேன். அது என் குரல் என்றேன். சிரித்தார்கள். அழுது காட்டினேன். அதே அழுகை, அதே இடத்தில் மூச்சு வாங்கி.

கை தட்டினார்கள்.

“டப்பிங்காரிடா, அப்டியே அந்தம்மா மாரியே அழுவுறா!” என்றான் கூட்டத்தில் நின்ற குப்பன். விஜயராகவன் மட்டும் சிரிக்கவில்லை. “உங்களுக்குத் திறமை இருக்கும்மா. அதுக்காக ஒரு தாயோட வலியைக் கிண்டல் பண்ணக் கூடாது” என்றார். கூட்டம் அப்படியே அவர் பக்கம் சாய்ந்தது. என் அழுகையை வைத்தே என்னைப் பொய்யாக்கிவிட்டார்.

அப்போது என் போனை மைக்கருகில் வைத்து அந்த ஆடியோவைப் போட்டேன். நாற்பத்தோராவது விநாடி. “நெத்தில... என் நெத்தில...” என்று எல்லோரும் கேட்கும் இடம். மருந்து தடவும் கதை முழுக்க முளைத்தது அந்த இடத்திலிருந்துதான். மூன்று முறை போட்டேன். மூன்றாவது முறை அத்தை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

அது நெற்றி இல்லை, சூர்யா.

நம் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு நீ என்ன சொன்னாய்? “இன்னாடி இது, நெத்திலி சைஸ்ல கீது.” அதற்குப் பிறகு அந்தப் பெயர்தான். நீ, நான், அத்தை, மூன்று பேர் மட்டும் கூப்பிட்ட பெயர். நெத்திலி தூங்குதா, நெத்திலி எட்டி உதைக்குதா. ஐந்தாம் மாதத்தில் அது போய்விட்ட பிறகு அந்த மீனைக்கூட நம் வீட்டில் வாங்குவதில்லை. காகிதத்தில் இல்லாமல் வந்தது அதுதான். விக்கலில் கடைசி எழுத்து உடைந்துவிட்டது. உடைந்த இடத்தில் ஊரே தன் பயத்தை வைத்துக்கொண்டது. நீயும்.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்கிறேன். கொஞ்சம்.

கூட்டத்தில் அந்தப் பெயரை நான் விளக்கவில்லை. அத்தை வீட்டுக்கு நடந்தார். அதற்குள் யாரோ உனக்குப் போன் செய்துவிட்டார்கள். நீ என்னைக் கூப்பிட்டு, “ஊர் பொல்லாப்பு நமக்கு வாணாம், வாய மூடிக்கினு இரு, அம்மா பேரு இதுல வந்துரும்” என்றாய். நேற்று சாய்நாத்தும் கூப்பிட்டார். இனி என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று சொல்லக் கூப்பிட்டார்.

வாயை மூடுவதாக இல்லை. நாளை பத்து மணிக்கு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன். குரல் என்னுடையது, எங்கே பதிவானது, யார் கொடுத்தது, எத்தனை நாள் சும்மா இருந்தேன், எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். முதல் விசில் யாருடையது என்று நான் எழுதவில்லை. கேட்டால் மறைக்கவும் மாட்டேன். அத்தையிடமும் இதைச் சொல்லிவிட்டேன். இன்று காலை, “ராயப்பேட்ட ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸு போவுது?” என்று கேட்டார். விசில் கழுத்தில் இல்லை. செருப்பைத் துடைத்து வாசலில் வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்கா, நாளை என்னோடா, தெரியவில்லை.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். உன் அறையில் பன்னிரண்டு பேர் இருக்கிறீர்கள். நீ அனுப்பியது அந்தப் பன்னிரண்டு பேரின் வீடுகளுக்கும் போயிருக்கும். எல்லோரையும் உட்கார வைத்து அந்த ஆடியோவைச் சத்தமாகப் போடு. அழுவது யார் என்று சொல். எதற்கு அழுகிறாள் என்றும் சொல். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் கையோடு திரும்பும்போது நீ ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை, அடுத்த மாதமே விமானம் ஏறிவிட்டாய். நானும் கேட்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. வெயிலில் தலையில் துணி இல்லாமல் நிற்காதே. நாற்பத்தோராவது விநாடி, மறக்காதே. இந்த முறை பயப்படாமல் கேள். நம் பிள்ளையின் பெயர் அது.

உன்,
மேகலா