வைரவர் மேல் போட்ட பழி

மச்சாள்,

வைரவருக்கு வடைமாலை கட்டுவதற்காக இன்று உழுந்து அரைத்து, மிளகு தட்டிப் போட்டு, முதல் வடையை எண்ணெயில் விட்டேன். மணம் எழும்பியதும் உங்கள் சிரிப்புத்தான் காதில் கேட்டது. தேவாரம் சொல்ல வேண்டிய வாய், உங்களோடு கதைக்கத் தொடங்கிவிட்டது. உங்கள் இரண்டாம் திவசமும் முடிந்துவிட்டது. இன்னும் சொல்லித் தீரவில்லை.

உங்கள் தம்பியைக் கட்டி நான் இந்த வீட்டுக்கு வந்தபோதே நீங்கள் பள்ளிக்கூட வான் ஓடிக்கொண்டிருந்தீர்கள். வட்டுக்கோட்டையில் பிள்ளைகளை ஏற்றி, கொக்குவில் தாண்டி, யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட வாசல்களில் இறக்குவது உங்கள் தொழில். கதவடியில் இருந்து பிள்ளைகளை ஏற்றி இறக்குவது என் வேலை. மடியில் எப்போதும் நான் குறித்து வைக்கும் கொப்பி. காஸ் சிலிண்டர் மாற்றிய நாள், கோழி இட்ட முட்டை, பிள்ளைகள் ஏறிய நேரம், எல்லாம் அதற்குள் இருக்கும். "உம்மடை கொப்பியிலை நான் தும்மினதும் இருக்குமே?" என்று கேட்பீர்கள். இருந்தது, மச்சாள்.

பழைய டீசல் எஞ்சின் கைவிட்டதும் யப்பானிலிருந்து வந்த பெற்றோல் எஞ்சின் ஒன்றைப் பூட்டினோம். கியர்பெட்டி பழையதுதான். வான் சத்தமில்லாமல் ஓடியது. ஆனால் வேக மீட்டரின் முள் மட்டும் பூச்சியத்தில் படுத்துவிட்டது. எஞ்சினைப் பூட்டிய கராச்சுக்காரத் தம்பியிடம் கேட்டோம். "மீட்டர் ஓடாட்டி என்னக்கா, வான் ஓடுதுதானே!" என்றான்.

அதன் பிறகுதான் அந்தக் கூத்து. முதல் நாள் சந்தி வைரவர் கோயிலடியில் எஞ்சின் நின்றது. மறுநாளும் அதே இடம். மூன்றாம் நாள் பிள்ளையார் கோயிலடி. பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். "மாமி, வைரவர் இறங்கிக் கும்பிடச் சொல்லுறார்!"

பிள்ளைகளின் சிரிப்பு பெற்றோரிடம் போனபோது பயமாக மாறியது. ஒரு தாய் தன் வீட்டுப் படலையடியில் மறித்துக் கேட்டார்: "ஏதும் நேர்த்திக்கடன் குறையாய்க் கிடக்கோ? சாமி மறிக்கிற வானிலை எப்பிடிப் பிள்ளையை விடுறது?" எனக்கும் அதே பயம்தான். அன்றே வடை சுட்டு, மாலை கட்டிச் சாத்தினேன். நீங்கள் பிரசாத வடையைக் கடித்துக்கொண்டே, "வடைதான் வேணுமெண்டால் மனுசன் நேரை கேட்டிருப்பார். என்ரை எஞ்சினை ஏன் பிடிக்கிறார்?" என்றீர்கள். நான் கோபத்தில் அன்று முழுக்க உங்களோடு கதைக்கவில்லை.

பிறகு வந்தது அந்த வெள்ளிக்கிழமை. கொக்குவில் ரயில் கடவைக்குக் கிட்ட வந்து வேகத்தைக் குறைத்தீர்கள். முன்சில்லுகள் தண்டவாளத்தில் ஏறியதும் எஞ்சின் நின்றுவிட்டது. திறப்பைத் திருப்பினீர்கள், பிடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மணி அடிக்கத் தொடங்கியது. நான் கதவை இழுத்துப் பதினொரு பிள்ளைகளையும் இறக்கி ஓரமாக விட்டேன். கடைக்காரர் இருவர் ஓடிவந்து வானைப் பின்னால் தள்ளினார்கள். ரயில் வரச் சற்று நேரம் இருந்ததுதான். ஆனால் உங்கள் கை ஸ்டியரிங்கை விடவேயில்லை. "உது சரிவராமல் இனி ஒரு பிள்ளையையும் ஏத்தமாட்டன்" என்றீர்கள். இரண்டு வீட்டுக்காரர் வேறு வான் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். மற்றவர்களும் போனால் இருபது வருடமாக நீங்கள் ஓடிய ஓட்டம் அதோடு முடிந்தது.

அன்று நான் கொப்பியை விரித்து முதலிலிருந்து வாசித்தேன். நின்ற இடங்கள்: வைரவர் கோயில், பிள்ளையார் கோயில், மாடு குறுக்கே போன இடம், ரயில் கடவை. கடவையில் கோயில் இல்லை. மாடும் சாமியில்லை. அப்போதுதான் விளங்கியது. கோயிலைக் கண்டால் நம்மூரில் எல்லோரும் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுப்போம், நெற்றிக்குக் கை கொண்டுபோவோம். கும்பிடாத நீங்களும் எனக்காகக் காலை எடுப்பீர்கள். வீட்டு முற்றத்தில் அரை மணி நேரம் விட்டாலும் நிற்காத எஞ்சின், ஓடிவந்து வேகம் குறைகிறபோதுதான் நிற்கிறது. பக்கத்தில் வேகம் எழுதவென்று ஒரு கோடு அடித்து இடம் விட்டிருந்தேன். மீட்டரைப் பார்த்து எழுதியது. எல்லா வரியிலும் பூச்சியம்.

மீட்டருக்குத் தெரியாத வேகம் எஞ்சினுக்கு மட்டும் எப்படித் தெரியும்? போனில் தேடி, எனக்குத் தெரிந்த இங்கிலீசை எழுத்துக்கூட்டி வாசித்தேன். நான் சந்தேகப்பட்டபடியே இருந்தது. வான் ஓடுகிறதா நிற்கிறதா என்று கியர்பெட்டியிலிருந்து எஞ்சினின் கொம்பியூட்டருக்குச் சேதி போக வேண்டும். அது போகாவிட்டால், காலை எடுக்கும்போது எஞ்சின் தன்னைத் தாங்கிப் பிடிக்காமல் நின்றுவிடும்.

கொப்பியோடு கராச்சுக்குப் போனோம். வாசித்துக் காட்டினேன். "அக்கா இனிக் கராச்சும் திறக்கப் போறியள் போலை" என்று தம்பி சிரித்தான்.

"திறப்பம். உமக்கு டயர் கழுவிற வேலை தாறம்" என்றீர்கள் நீங்கள். "இப்ப கீழை படுத்துப் பாரும்."

படுத்தான். கியர்பெட்டியிலிருந்து மீட்டருக்குப் போகிற கேபிளைப் புதுப் புகைக்குழாயில் முட்டுகிறதென்று அவனே கழற்றித் தொங்கவிட்டிருந்தான். எழும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பில்லை. "பிழை என்ரைதான் அக்கா" என்றான். கேபிளை வேறு வழியால் எடுத்து, அதற்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் ஒரு சின்னச் சென்சரைப் பூட்டி, அதன் வயரைக் கொம்பியூட்டருக்குக் கொடுத்தான். பின்சில்லைத் தூக்கிச் சுற்றியபோது சோதனை பல்ப் மின்னி மின்னி அணைந்தது. நான் சிவசிவா என்றேன்.

பிள்ளைகள் இல்லாமல் நாம் இருவரும் ஓடிப் பார்த்தோம். மீட்டர் நாற்பது என்றது. என் போன் நாற்பத்திரண்டு என்றது. "உந்த ரெண்டு வித்தியாசத்தை வைரவருக்கு விடும்" என்றீர்கள். சந்தி வந்தது. காலை எடுத்தீர்கள். எஞ்சின் ஒரு கணம் தணிந்து, பிறகு தன்பாட்டில் சீராக முனகியபடி ஓடியது. நீங்கள் கண்ணாடியை இறக்கிக் கோயிலைப் பார்த்துச் சொன்னீர்கள்: "வைரவரே, உம்மடை பேரைக் காப்பாத்திப்போட்டாள் என்ரை மச்சாள்!"

அடுத்த கிழமை பதினொரு பிள்ளைகளும் ஏறினார்கள். படலையடியில் மறித்த தாய்தான் முதலில் கொண்டுவந்து விட்டார்.

நோய் உங்களைப் படுக்கையில் போட முதலே என்னை லைசென்ஸ் எடுக்க வைத்துவிட்டீர்கள். இப்போது வான் ஓடுவது நான். நீங்கள் எனக்குச் சொன்னது ஒன்றுதான்: "கும்பிடும். ஆனால் பாத்திட்டுக் கும்பிடும்." அப்படியே செய்கிறேன். தெய்வத்தின் மேல் எதையும் போடுவதற்கு முன் கொப்பியைப் பார்க்கிறேன்.

நேற்றுக் காலை கொக்குவில் கடவையில் மணி அடித்தது. கோட்டுக்கு இப்பால் வானை நிறுத்தினேன். எஞ்சின் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. புதிதாகச் சேர்ந்த சின்னப் பெண்பிள்ளை முன்சீற்றைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"மாமி, வான் நிண்டுபோச்சோ?"

"இல்லை மோனை," என்றேன். "நான் நிப்பாட்டி வைச்சிருக்கிறன்."