ஏழுக்குப் பதில் ஒன்று

திண்டிவனம்
12-8-1949

என் மகள் சவுரியம்மாளுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம், நீயும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். மழையில்லை, மல்லாட்டைச் செடி வாடிக் கிடக்கிறது. பம்பாய் ஆபீசில் கார்டில் ஓட்டை குத்தும் வேலை கிடைத்ததென்றும், மெஷின் தப்பே பண்ணாது என்று உன் ஆபீசர் சொல்கிறாரென்றும் எழுதியிருந்தாய், படித்துச் சிரித்தேன். யுத்த காலத்தில் மதராஸ் பட்டாள ஆபீசில் நானும் அதைத்தானே குத்தினேன், சிப்பாய்களின் நம்பரை ஓட்டையாய்க் குத்திக் கொடுத்தால் மெஷின் அதைப் படித்துப் பட்டியல் போடும், உலக்கைக்கு என்ன மூளையோ அதற்கும் அவ்வளவுதான். எங்கள் சூப்பரிண்டெண்ட் சக்கரபாணி அதற்குத் தினம் பூ வைப்பார். ஒருத்தி குத்தினதை இன்னொருத்தி சரிபார்க்க வேண்டும், ஆனால் கார்டு எண்ணிக்கை காட்டித் துரையிடம் பேர் வாங்க அதை நிறுத்திவிட்டார் அந்த மகானுபாவர்.

நாற்பத்துநாலில் பழைய தாள்களைக் கட்டும்போது பார்க்கிறேன், செத்துப்போன சிப்பாய் ஒருவன் நம்பரில் ஏழுக்குப் பதில் ஒன்று குத்தியிருக்கிறது, குத்தினது நான்தான். அப்படிக் குத்தின நம்பர் விக்கிரவாண்டி பெரியதம்பியுடையது, அதனால் அவன் செத்தானென்று அவன் வீட்டுக்குத் தந்தி போய் எட்டு நாளாகியிருந்தது. சக்கரபாணியிடம் சொன்னேன். கார்டு சொன்னால் சொன்னதுதான், விஷயம் பெரிசானால் பக்கத்து நாற்காலி அம்மணி தலையில் போட்டுக்கலாம் என்றார். அந்த முகத்தைப் பார்க்கவே அருவருப்பாயிருந்தது. மறுநாள் லீவு கேட்காமல் ரயிலேறி விக்கிரவாண்டிக்குப் போனேன். பெரியதம்பி பெண்சாதி பொன்னி தாலியறுத்து மூலையில் உட்கார்ந்திருந்தாள். உன் புருஷன் உசிரோட இருக்கான், தப்பு என் கையிலதான் என்றேன். அவள் மாமியார் அஞ்சம்மாள் என் மேல் மண்ணை வாரி இறைத்தாள். பொன்னி மட்டும், அப்போ எந்தப் பொண்ணு புருஷன் போனது தெரியாம இன்னும் பூ வெச்சிக்கினு இருக்கா என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்காகத்தான் திரும்பிப் போய்த் துரையிடம் என் பேரிலேயே எழுதிக் கொடுத்தேன். எனக்கு வேலை போயிற்று, சக்கரபாணிக்குப் பிரமோஷன் வந்தது, மெஷினுக்குப் புது உறை தைத்தார்கள். பெரியதம்பி யுத்தம் முடிந்து வந்து சேர்ந்தான். சரியான தந்தி, நான் எழுதிக் கொடுத்த மூன்றாம் நாளே மேல்மலையனூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனது. அந்த வீட்டுக்கும் போக வேண்டுமென்று இரண்டு தரம் கிளம்பினேன், விழுப்புரம் ஸ்டேஷனைத் தாண்டக் கால் வரவில்லை.

ஆகையால் மகளே, தப்பு நேர்ந்தால் ஜல்தியாய்ச் சொல்லிவிடு, மெஷின் மேலும் போடாதே, பக்கத்துப் பெண் மேலும் போடாதே. வேளைக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையை விடாதே. ஆண்டவர் உன் கைகளைக் காப்பாராக.

உன் அம்மா
இருதயமேரி