ஈப்போவுக்குப் போகாத ஆடி மாதம்

என் ஆசை செல்வி அக்கா,

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. காலையில் எஸ்டேட் நர்சரிக்குப் போகிறேன். தேயிலைக் கிளையை ஓர் இலையோடு நறுக்கி, மண் பையில் ஊன்றுகிறேன். வீட்டுக்கு வந்து சமைக்கிறேன். அவ்வளவுதான்.

முப்பது வயதிலேயே என் கருமுட்டைகள் தீர்ந்துவிட்டன என்று ஈப்போ டவுன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்ன அன்று, திரும்பி வரும் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டாய். "எங்கிட்ட இருக்குறத எடுத்துக்கடி. நான்தான் ஒன்னு பெத்துட்டேன்லா" என்றாய். முட்டை எடுக்க நாளும் கொடுத்தார்கள். ஆடியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்று நான்தான் தள்ளிப்போட்டேன். அந்த ஆடி முடிவதற்குள் நீ தேயிலைக் காட்டில் மயங்கி விழுந்தாய். மாரடைப்பு என்றார்கள்.

நான் உனக்காக அழ வேண்டுமா, அந்த முட்டைகளுக்காகவா? இரண்டையும் சேர்த்து நினைக்கும் என்மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

போன வாரம் டாக்டரம்மாவைப் பார்த்தேன். சில நாளே ஆன கருவிலிருந்து எடுக்கும் செல்கள் உடம்பின் எந்தப் பாகமாகவும் வளருமாம். அவற்றை ஆய்வகத்திலேயே கருமுட்டையாக வளர்த்து, குட்டிகள்கூடப் பிறந்துவிட்டனவாம். ஒற்றை இலை முழுச் செடியாவதைத் தினமும் பார்க்கிறவள் அல்லவா, உடனே நம்பிவிட்டேன். "எலிக்குத்தாம்மா. மனுஷங்களுக்கு இன்னும் வரல" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

இதை உன் மகள் கவிதாவிடம் சொன்னேன். இருபது வயதாகிவிட்டது அவளுக்கு.

"எலிக்கு ஆனதெல்லாம் எதுக்கு சித்தி? என்னோடத எடுத்துக்குங்க."

எனக்கு ஆசை வந்தது அக்கா, பொய் சொல்ல மாட்டேன். அப்படிப் பிறந்தால் எனக்குப் பிள்ளை, உனக்குப் பேரப்பிள்ளை. ஏன் இப்படிச் சொல்கிறாய் என்று மட்டும் கேட்டு வைத்தேன்.

"அம்மா போனதுலேர்ந்து நீங்கதானே சோறு போடுறீங்க. நான் வேற என்னத்தக் குடுக்கறது?"

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். பிள்ளைக்குப் போட்ட சோற்றுக்கு யாராவது விலை வாங்குவார்களா அக்கா?

இந்த இரண்டு வருடமும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எனக்குத்தான் பிள்ளையில்லையே" என்று புலம்பியிருக்கிறேன். அதை அவள் பக்கத்திலேயே நின்று கேட்டிருக்கிறாள். இனி அந்தச் சொல்லை அவள் காதுபடச் சொல்ல மாட்டேன் அக்கா. உன்மேல் சத்தியம்.

உன் தங்கை,
கவிதாவின் சித்தி,
ராணி