கமராவில் ஒட்டிய மாதா படம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இருமல் விட்டுவிட்டதா? பலேர்மோவில் நான் சுகமாக இருக்கிறேன்.

நான் அனுப்பிய லப்ரொப்பில் இருப்பது காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் மென்பொருள் என்றதும், "சும்மா தாறவன் களவெடுக்கத்தான் தாறான், அதுதான் கமராவிலை மடு மாதா படம் ஒட்டினனான்" என்றீர்கள். நானும் முதலில் சந்தேகப்பட்டவள்தான். இரண்டு வருடமாகப் பாவிக்கிறேன், ஒன்றும் களவு போகவில்லை. பயப்படாமல் பேப்பர் வாசியுங்கள், பூசை பாருங்கள்.

இப்போது என் சந்தேகம் உங்கள் மேல்தான். போன மாதம் நான் வேலை செய்யும் இத்தாலிக்காரச் சிஞ்ஞோரா வீட்டில் மீன் பொரிக்கும்போது எண்ணெய் தெறித்துக் கன்னம் சுட்டது. கமரா பழுது என்று பொய் சொல்லித்தான் உங்களோடு கதைத்தேன். அது ஆறிவிட்டது, யோசிக்க வேண்டாம். நீங்களும் அப்படித்தான் முகத்தை எனக்கு மறைக்கிறீர்களோ?

பஸ் வருகிறது. மாதா படத்தைச் சுவரில் ஒட்டுங்கள் அப்பா. எவ்வளவு மெலிந்திருந்தாலும் எனக்கு உங்கள் முகம் வேண்டும்.

மகள்
எமிலியானா