அழ மறுத்த ஜோயல்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பக்கத்து வீட்டு எஸ்தரோடு இன்று வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். அவள் மகன் ஜோயலுக்கு எட்டு மாதம். அழும்போதெல்லாம் அடிவயிற்று ஓரத்தில் நெல்லிக்காய் அளவு வீக்கம் வருகிறது. அழுகை நின்றால் மறைந்துவிடுகிறது. குடலிறக்கம்தான். எஸ்தர் ஆம்பூரில் ஷூ தைப்பவள். அதனால், "பிறக்குறதுக்கு முன்னாடி வயித்துல மூட வேண்டிய இடம் மூடல, ஷூவுல ஒரு தையல் விட்டுப்போன மாதிரி" என்று பஸ்ஸில் விளக்கினேன்.

டாக்டர் முன்னால் அடம்பிடிக்கக் கூடாதென்று அவள் குழந்தைக்கு வயிறு முட்டப் பால் கொடுத்துவிட்டாள். குழந்தை சமர்த்தாகப் படுத்திருந்தான். வீக்கமே இல்லை.

"கண்ணால பாத்தாத்தாம்மா ஆபரேஷனுக்கு நாள் குறிப்பேன்" என்றார் டாக்டர். தள்ளிப்போட்டால் குடல் சிக்கிக்கொள்ளுமோ என்று எஸ்தருக்குப் பயம்.

"வீட்ல ஊரையே கூட்டுவியே, இன்னிக்கு இன்னாடா ஆச்சு? அழுடா!" என்று கெஞ்சினாள். பிறகு என்னிடம், "டீச்சர், நீங்க ஒரு அதட்டு போடுங்க. எங்க கிளாஸே நடுங்குமே!"

வகுப்பறைக் குரலில் அதட்டினேன். ஜோயல் சிரித்தான். இன்னும் பலமாக அதட்டினேன். வயிறு குலுங்கச் சிரித்தான். அந்தக் குலுங்கலில் வீக்கம் எட்டிப்பார்த்தது.

"போதும் டீச்சர், வந்துடுச்சு!" என்று டாக்டரும் சிரித்தார். விரலால் மெல்ல அழுத்தினார், உள்ளே போய்விட்டது. வரும் வியாழன் ஆபரேஷன். சின்னதுதானாம். மயக்க மருந்தை நினைத்தால்தான் எனக்குக் கொஞ்சம்... அவளிடம் சொல்லவில்லை.

திரும்பும்போது எஸ்தர் சொன்னாள்: "வியாழக்கிழமையும் வாங்க டீச்சர். அன்னிக்கு நான் அழுவேன். என்னை அதட்டுங்க."

வருகிறேன் என்றேன்.