ஹர்லிங் மாப்பிள்ளை

சுங்கை பினாங்,
12 மார்ச் 2025

அன்பு மருமகள் ஜெயலெட்சுமிக்கு, தாய்மாமன் திருநாவுக்கரசு எழுதுவது. நான் சுகம். அங்கே அயர்லாந்தில் நீயும் டோனல் மாப்பிள்ளையும் குளிர் தாங்கி நல்லா இருக்கணும்.

அணி தோத்ததுக்காக மாப்பிள்ளையை ஹர்லிங் கோச் வேலையிலிருந்து எடுத்துட்டாங்க, அன்னியிலேர்ந்து மட்டையைத் தொடலை, வாசலைத் தாண்டலைன்னு எழுதியிருந்தே. படிச்சதும் எனக்குச் சாப்பாடு இறங்கலை. மூணு ரொட்டி சானாயோட நிறுத்திக்கிட்டேன்.

முட்டி போறதுக்கு முன்னாடி எப்படி ஆடினவரு. உன் கல்யாணத்துக்கு நான் அங்க வந்தப்ப பார்த்த அந்த ஹர்லிங் ஆட்டம் இன்னும் கண்ணுல நிக்குது. நம்ம ஹாக்கி மாதிரியா அது? பந்து தலைக்கு மேல பறக்குது, இவரு ஓடிக்கிட்டே மட்டையால வாங்கி அடிக்கிறாரு. கடைசி கோல் நான் போட்ட சத்தத்துலதான் விழுந்துச்சுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். அப்புறம் நீங்க இங்க வந்தப்ப பாடாங் கோத்தாவுல நின்னு கடலைப் பார்த்து ஒண்ணு அடிச்சாரே. பந்து அக்கரையில பட்டர்வொர்த்துல போய் விழுந்துச்சு, ஃபெர்ரி ஏறிப் போய் எடுத்து வந்தோம்னு நேத்து டீக்கடையில சொல்லிக்கிட்டிருந்தேன். கடைக்கார ஷேக் அலாவுதீன், "போன வருஷம் சொன்னப்ப அது படகுலதானே விழுந்துச்சு அண்ணே?"ங்கிறார். பொறாமை லா.

விஷயம் என்னன்னா, ஜூன் லீவுக்கு மாப்பிள்ளை வந்து நம்ம பிள்ளைங்களுக்கு ஹர்லிங் கத்துக்கொடுப்பாருன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நாப்பது பிள்ளைங்க சேர்ந்தாச்சு. புக்கிட் மெர்தாஜாம் தச்சர் ஹஸ்ருல் மட்டையே செஞ்சுட்டார், இதோட படம் வச்சிருக்கேன். இதை மாப்பிள்ளைக்குப் படிச்சுக் காட்டு. உங்களைப் பார்த்தும் ஏழு வருஷமாச்சு.

உன் மாமன்,
திருநாவுக்கரசு

கார்க்,
2 மே 2025

அன்புள்ள மாமா,

சாப்பிடும்போது உங்கள் கடிதத்தை அவருக்கு இங்கிலீஷில் சொன்னேன். பட்டர்வொர்த் கதை வந்ததும், "அந்தக் கடல் எவ்வளவு அகலம்?" என்று கேட்டார். பல வாரம் கழித்து அவராக வாயைத் திறந்தது அதற்குத்தான்.

படத்தைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது. "இது மட்டையா, துடுப்பா? பிள்ளைங்க மணிக்கட்டு என்ன ஆவது?" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போய், உங்கள் தச்சருக்கு மாதிரி காட்ட ஒன்று செதுக்க உட்கார்ந்தார். சத்தம் கேட்டுத் தெருப்பிள்ளைகள் வேலி ஏறி வந்துவிட்டார்கள். குட்டிப் பசங்களுக்காவது சொல்லிக்கொடுங்கள் என்றதற்கு, அவர்களுக்குக் கோச்சாகப் போவதா என்று போன மாதம் முறைத்தவர், இப்போது தினமும் சாயங்காலம் அவர்களோடுதான் மைதானத்தில். ராத்திரி தூங்குகிறார், மாமா. நன்றாகத் தூங்குகிறார்.

இங்கே இந்தப் பிள்ளைகளுக்கு முதல் போட்டி ஜூனில்தான். ஆனால் இவர், "மாமா ஊரெல்லாம் சொல்லிட்டார், அவர் பேர் கெட்டுடும், நான் போகணும்" என்கிறார். இப்போது விட்டுவிட்டுக் கிளம்பினால் திரும்ப மைதானத்துக்குப் போவாரா என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நான் சொன்னால் கேட்கமாட்டார். நீங்கள் வா என்றால் வந்துவிடுவார், வேண்டாம் என்றால் நின்றுவிடுவார்.

அன்புடன்,
ஜெயா

சுங்கை பினாங்,
14 மே 2025

அன்பு மருமகளுக்கு,

முதல்ல மாப்பிள்ளைக்கு இதைப் படிச்சுக் காட்டு. ஜூன்ல வர வேண்டாம். மைதானத்துல மலைப்பாம்பு புகுந்திடுச்சு. சின்னதில்லை, ஒரு கோல்கம்பத்தைச் சுத்திட்டு மிச்சம் அடுத்த கோல்கம்பம் வரைக்கும் கிடக்குது. பிடிக்க கோலாலம்பூர்லேர்ந்து ஆள் வந்து, பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டான். நாப்பது பிள்ளைங்களும் பூப்பந்துக்கு மாறிட்டாங்க. என் பேரைப் பத்தி அவர் கவலைப்பட வேண்டாம், அது கெடுற பேர் இல்லை.

இனிமே உனக்கு மட்டும். சேர்ந்த பிள்ளைங்க நாப்பது இல்லை, ஒன்பது பேர்தான் கண்ணு. உங்களுக்காக மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடிச்சிருந்தேன், அது கிடக்கட்டும், சுவர் எங்கயும் ஓடிடாது. நீ அவரை மைதானத்தை விட்டு எடுத்துடாதே.

நேத்து கடையில சொல்லிட்டேன், மாப்பிள்ளை வரலைன்னு. ஷேக் அலாவுதீன், "ஏன் அண்ணே?"ன்னார். அங்க சின்னப் பிள்ளைங்க அவரை விடமாட்டேங்குதுங்கன்னேன். இன்னும் ஏதோ சொல்லப்போறேன்னு எல்லாரும் என் வாயையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. அவ்வளவுதான்னு சொல்லிட்டு டீயைக் குடிச்சேன்.

உன் மாமன்,
திருநாவுக்கரசு